வீட்டுக்கு அம்மா வந்திருக்கு

கம்பெனிக்குத் தாய்மை மீது மரியாதை அதிகம். வாசலில் செக்யூரிட்டி கூண்டைத் தாண்டியதும் ஒரு சிமெண்டுத் தாய், சிமெண்டுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஆடிட் வருகிற சமயங்களில் அவளுக்குப் புது பெயிண்ட் அடிப்பார்கள். அந்தக் குழந்தைக்கு எந்த நோயும் வருவதில்லை. அதனால் அந்தத் தாய்க்கு இதுவரை விடுப்பும் தேவைப்பட்டதில்லை.

ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு வயர் கட்டிக் கொடுக்கும் கம்பெனி அது. ராசாத்தி அங்கே மூன்றாவது லைனில் நிற்பவள். நிற்பவள் என்றால் நிற்பவள்தான். லைனில் உட்கார எதுவும் கிடையாது. சிவகங்கைப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு வந்தாள். புருஷன் செல்வம் வார்ப்படப் பட்டறையில் ஒப்பந்தக் கூலி. மகள் ஸ்வாதிக்கு நாலு வயது. செல்வத்துக்குக் காலை ஷிப்ட், ராசாத்திக்கு மதிய ஷிப்ட். மதிய ஷிப்ட் என்பது சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்குக் கம்பெனி மனமிரங்கித் தந்த சலுகை. இரண்டு ஷிப்டுக்கும் நடுவே இருக்கும் சந்தில் பிள்ளை விழுந்துவிடாமல் கம்பெனியின் காப்பகம் தாங்கிப் பிடித்தது. ராசாத்தி வேலைக்கு வரும்போது அங்கே விடுவாள். செல்வம் வேலை முடிந்து கரி அப்பிய சட்டையோடு வந்து, கேட்டில் நின்று வாங்கிக்கொண்டு போவான். ஸ்வாதிக்கு அப்பாவும் உண்டு, அம்மாவும் உண்டு. இரண்டு பேரையும் ஒரே வெளிச்சத்தில் பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டும்.

அந்த மாதம் கம்பெனியில் 'முழு வருகை மாதம்' கொண்டாடினார்கள். ஒருவரும் விடுப்பே எடுக்காத பிரிவுக்குத் தலைமையகத்திலிருந்து கோப்பை வரும். கோப்பையை வைக்க ஒரு கண்ணாடி அலமாரியும் முன்கூட்டியே வாங்கிவிட்டார்கள்.

அந்த மாதத்தில்தான் காப்பகப் பொறுப்பாளர் சுஜாதா, ஸ்வாதியின் காதுக்குப் பின்னால் நீர் கோத்த ஒரு கொப்புளத்தைப் பார்த்தார். பிறகு கழுத்தில் ஒன்று. சட்டையைத் தூக்கினால் முதுகு முழுக்க.

சுஜாதா நல்லவர். பிள்ளையைத் திட்டவில்லை. தொற்று நோயுள்ள குழந்தை காப்பகத்துக்குள் இருக்கக்கூடாது என்ற விதிப்படி அவளைத் தூக்கி வெளியே படியில் உட்கார வைத்தார். பெற்றோர் இல்லாமல் குழந்தையை வெளியே விடக்கூடாது என்ற விதிப்படி தானும் கதவருகே நின்றுகொண்டார். ராசாத்திக்குச் சொல்லியனுப்பினார்கள். மாற்று ஆள் இல்லாமல் லைனை விட்டு வரக்கூடாது என்பது இன்னொரு விதி. முழு வருகை மாதத்தில் எல்லோரும் வந்திருந்தார்கள், மாற்று ஆள் மட்டும் இல்லை. செல்வம் வந்து சேரும் வரை ஸ்வாதி காப்பகத்துக்கு உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் படியில் உட்கார்ந்து முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே, 'ஒவ்வொரு குழந்தையும் நம் குழந்தையே' என்று எழுதியிருந்தது.

அவர்கள் குடியிருந்தது சிப்காட்டை ஒட்டிய ஊரில் ஜோதியம்மாளின் லைன் வீட்டில். நிலத்தின் பெரும்பகுதி கம்பெனிகளுக்குப் போன பிறகு மிச்சமிருந்த இடத்தில் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டு, பின்னால் மாடும் வைத்துப் பிழைக்கிறவர். சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரையும் தடவ மருந்தும் கொடுத்து, பிள்ளை பக்கத்தில் எப்போதும் ஒரு ஆள் இருக்க வேண்டும், காய்ச்சல் ஏறினால் உடனே தூக்கி வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டுக்கு வந்தபோது ஜோதியம்மாள் அதற்குள் வாசலில் வேப்பிலை செருகி வைத்திருந்தார்.

"எங்க ஊர்ல முத்துப் போட்டிருக்குன்னு சொல்லுவோம்மா" என்றாள் ராசாத்தி.

"இங்க அப்படில்லாம் சொல்லக் கூடாது. நோவுன்னும் வாயில வரக் கூடாது. காது கேக்கும் அவளுக்கு. அம்மா வந்திருக்குன்னு சொல்லணும். தாளிக்காதே. தலை வாராதே. வாசக்கதவ சாத்து, ஆனா பேடம்மா பேடா, வேணவே வேணாம், பூட்டு மட்டும் போடாதே. அம்மா இருக்கற வூட்டப் பூட்டுவாங்களா யாராச்சும்?"

கம்பெனியில் விடுப்பு கேட்க ஒரு போன் நம்பர் உண்டு. கூப்பிட்டால் மனிதர் யாரும் எடுக்கமாட்டார்கள். மணிச் சத்தம் கேட்ட பிறகு காரணத்தைச் சொல்ல வேண்டும். இயந்திரம் அதைக் கேட்டு, இங்கிலீஷில் மாற்றி, வேறொரு மாநிலத்தில் இருக்கும் தலைமையகத்துக்கு அனுப்பி, பதிலையும் வாங்கித் தமிழில் சொல்லும். ராசாத்தி போன் செய்தபோது ஜோதியம்மாள் எதிரில் நின்றார். உள்ளே பாயில் பிள்ளை படுத்திருந்தது. வேப்பிலை காற்றில் அசைந்தது. வேறு என்ன சொல்ல முடியும்?

"சார், வீட்டுக்கு அம்மா வந்திருக்கு சார். பாப்பாவப் பாத்துக்கணும். லீவு வேணும்."

பதில் மறுநாள் காலையில் வந்தது. பெண் குரல். தேன் தடவிய தமிழ். தங்கள் இல்லத்துக்கு வருகை தந்திருக்கும் தாயாருக்குக் கம்பெனி தனது வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்தவர் ஒருவர் வந்துவிட்டதால் விடுப்புக்கு அவசியம் எழவில்லை. அதே காரணத்தால் மதிய ஷிப்ட் சலுகையும் முடிவுக்கு வருகிறது. நாளை முதல் காலை ஷிப்டுக்கு வரவும். முழு வருகை மாத வாழ்த்துக்கள்.

முத்துப் போட்டிருக்கிறது என்று அவள் தன் ஊர்ப் பாஷையில் சொல்லியிருந்தாலும் பெரிதாக மாறியிருக்காது. முத்து என்பவர் வீட்டில் இருக்கிறாரே, அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று வந்திருக்கும்.

இப்போது புருஷனுக்கும் காலை ஷிப்ட், பெண்டாட்டிக்கும் காலை ஷிப்ட். செல்வம் வேலைக்குப் போகாமல் பிள்ளையோடு இருந்து பார்த்தான். காண்டிராக்டர் ஆள் அனுப்பி, அப்படியே வீட்டிலேயே இருந்துகொள்ளட்டும், பீகாரிலிருந்து வந்தவர்கள் வெளியே நிற்கிறார்கள் என்று சொல்லச் சொன்னார். ஆளை அனுப்பிச் சொன்னதே மரியாதைதான் என்று செல்வம் சொன்னான். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனான்.

ராசாத்தி கம்பெனியின் அக்கறை மேசைக்குப் போனாள். அது பெயருக்கேற்ப ஒரு மேசை. மேலே பிளாஸ்டிக் பூ. பின்னால் அக்கறை அலுவலர் மோகன்குமார். நடந்ததை அவள் சொன்னாள். அவர் நடுவில் ஒருமுறை கூடக் குறுக்கிடாமல், தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அப்படிக் கேட்கப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

"இங்க ரெண்டு விஷயம் இருக்கும்மா. ஒண்ணு உண்மை, இன்னொண்ணு பதிவு. உண்மை எனக்குத் தெரியும். என் பையனுக்கும் போன வருஷம் அம்மா வந்துச்சு. என் வீட்டம்மா லீவு போட்டுட்டு அவன் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. அவங்க கவர்மெண்ட் டீச்சர். ஆனா இங்க சம்பளம் போடறது பதிவுக்குத்தான், உண்மைக்கு இல்ல. பதிவுல உங்க அம்மா வந்திருக்காங்க."

"அப்பப் பதிவ மாத்திருங்க சார்."

"மாத்துனா நீங்க பொய் சொன்னதா ஆயிடும். பொய்த் தகவல்னா விசாரணை. விசாரணைன்னா உங்க அம்மாவ சாட்சிக்குக் கூப்பிடுவாங்க."

"எங்கம்மா செத்துப்போச்சு சார். நான் இங்க டிரெய்னிங்ல இருந்தப்பவே."

மோகன்குமார் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். பயிற்சியில் இருப்பவர்களுக்குக் குடும்ப விவரம் ஏற்றுவதில்லை, ஆகவே அவர்களுக்குத் துக்க விடுப்பும் இல்லை என்று விளக்கினார். ராசாத்திக்கு அது தெரியும். அன்றைக்கு ஷிப்ட் முடித்து, பஸ் மாறி மாறி ஊர் போய்ச் சேர்ந்தபோது சுடுகாட்டுக்குப் போனவர்கள் குளித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"அதனால கம்பெனியப் பொறுத்தவரைக்கும் உங்க அம்மா நல்லா இருக்காங்க" என்றார் மோகன்குமார். நல்ல செய்தி சொல்கிற முகத்தோடுதான் சொன்னார்.

பிள்ளைக்கு நோய் இருப்பது நிரூபணமானால் ஏதாவது செய்யலாம் என்றும், அதற்குக் கம்பெனி டாக்டர் பார்க்க வேண்டும் என்றும் ஒரு வழி சொன்னார். மறுநாள் செல்வம் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு, பிள்ளையை மெல்லிய வேட்டித் துணியில் சுற்றி, ராசாத்தியோடு தூக்கி வந்தான். தொற்று நோய் உள்ளவர்கள் உள்ளே வரக்கூடாது என்று செக்யூரிட்டி தடுத்தார். தொற்று நோய் இருப்பதைக் காட்டத்தான் உள்ளே போகிறோம் என்றாள் ராசாத்தி. இருந்தால் உள்ளே விடமுடியாது, இல்லையென்றால் உள்ளே போகத் தேவையில்லை என்றார் அவர். டாக்டர் மேலே தன் அறையில் உட்கார்ந்தபடியே, கேட்டில் இருக்கும் காமிரா வழியாகப் பார்க்க ஒப்புக்கொண்டார். செல்வம் பிள்ளையை இரண்டு கையாலும் காமிராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். ராசாத்தி சட்டையை உயர்த்தினாள். லாரிகள் நின்று பார்த்துவிட்டு உள்ளே போயின. ஸ்வாதி அழவில்லை. அது போட்டோ எடுக்கிற இடம் என்று நினைத்து, காமிராவைப் பார்த்துச் சிரித்தாள்.

டாக்டர் அன்றே இரண்டு உத்தரவுகள் கொடுத்தார். ஒன்று: தாய்க்கு நோய் இல்லை, ஆகவே அவர் பணிக்கு வரவேண்டும். இன்னொன்று: தாய் நோயுள்ள வீட்டிலிருந்து வருகிறார், ஆகவே அவர் பிற ஊழியர்களோடு நிற்கக் கூடாது. இரண்டும் சரியான உத்தரவுகள்.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் திகைத்திருப்பார்கள். மோகன்குமார் திகைக்கவில்லை. முதல் மாடியில் பழைய மீட்டிங் ரூம் ஒன்று காலியாகக் கிடந்தது. அதைக் கழுவித் துடைத்து, ஒரு நாற்காலி போட்டு, கண்ணாடிக் கதவில் 'அரவணைப்பு மையம்' என்று ஒட்டச் செய்தார். ராசாத்தி காலையில் வந்து பஞ்ச் வைக்க வேண்டும். இந்த அறையில் உட்கார வேண்டும். யாரையும் தொடக் கூடாது, எந்த வேலையும் செய்யக் கூடாது. ஷிப்ட் முடிந்ததும் பஞ்ச் வைத்துவிட்டுப் போகலாம்.

"சார், சும்மா உக்கார்றதுக்கு நான் வீட்லயே உக்காந்துக்கறேனே. எம்புள்ள பக்கத்துல" என்று கேட்டாள் ராசாத்தி.

"வீட்டுக்கு அனுப்பறது ரொம்ப ஈஸிம்மா. எந்தக் கம்பெனியும் அனுப்பிடும். நாங்க எங்க ஊழியர யாரையும் கைவிடறதில்ல. உங்களுக்குத் தனி ரூம், ஏசி, சம்பளம். இத நாங்க செலவாப் பாக்கல. வருகையாப் பாக்கறோம்."

இப்படியாக, அம்மை கண்ட பிள்ளை ஜோதியம்மாளின் லைன் வீட்டில் ஒரு அறையில் தனியாகப் படுத்திருந்தது. அம்மை காணாத தாய் கம்பெனியில் ஒரு அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரிகள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தன. ஜோதியம்மாளோ நாலு வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர். அம்மா இருக்கிற வீட்டுக்குள் நுழைந்துவிட்டு மாட்டைத் தொட முடியாது. இளநீர் வெட்டி வாசல்படியில் வைத்துவிட்டு, எடுத்துக் குடி கண்ணு என்று சொல்லிவிட்டுப் போவார்.

அரவணைப்பு மையத்தில் ஒரு டிவி இருந்தது. அதை அணைக்கும் ரிமோட் இல்லை. கம்பெனியின் நலத்திட்டங்களைப் பற்றிய படம் அதில் திரும்பத் திரும்ப ஓடியது. நடுவில் காப்பகம் வரும். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பாட்டுப் பாடும். வட்டத்தில் மஞ்சள் பலூனோடு ஸ்வாதி. காமிரா அவளிடம் வந்ததும் பலூனை முகத்துக்கு முன்னால் வைத்து மறைந்துகொள்வாள், பிறகு மெல்ல எட்டிப் பார்ப்பாள். படம் முடியும். மறுபடி தொடங்கும். ராசாத்தி மற்றதையெல்லாம் தலையைக் குனிந்தபடி கடத்திவிட்டு, பாட்டுச் சத்தம் கேட்டதும் நிமிர்ந்து பார்ப்பாள். பார்க்கவேண்டாம் என்று நினைத்தாலும் கழுத்து தானாக நிமிர்ந்தது.

லைன் லீடர் ரேவதி டீ நேரத்தில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்றாள். உள்ளூர்க்காரி. வாய் சும்மா இருக்காது.

"என்னாக்கா, ஏசியில மகாராணியாட்டம் உக்காந்துக்கிட்டு. அங்க உன் வேலையும் சேத்து எங்க முதுவு ஒடியுது."

ராசாத்தி டிவியில் பலூனோடு எட்டிப் பார்க்கும் ஸ்வாதியைக் கையால் காட்டினாள். ரேவதி பார்த்தாள். போன்கள் எல்லாம் கேட்டில் பெட்டிக்குள் இருக்கும். அவள் டீயைக் குடிக்காமல் கேட் வரைக்கும் ஓடி, செக்யூரிட்டியிடம் கெஞ்சி, ஜோதியம்மாளுக்குப் பேசிவிட்டு வந்தாள். மணி அடித்துவிட்டது. கதவருகே நிற்க நேரமில்லை. ஓடிக்கொண்டே ஒரு கையைக் கன்னத்தில் வைத்து, தலையைச் சாய்த்துக் காட்டினாள். தூங்குகிறாள்.

சாயங்காலம் ராசாத்தி வீட்டுக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது. அரிசி டப்பா நகர்ந்திருந்தது. கொடியில் கிடந்த துணியெல்லாம் கீழே. ஸ்வாதி சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். சொறிந்து சொறிந்து கழுத்தில் ரத்தம் கட்டியிருந்தது. பக்கத்தில் தட்டில் தயிர்சோறு பாதி அப்படியே இருந்தது.

"ஏன் சாமி சாப்பிடல?"

"அது அம்மாவுக்கு" என்றாள் ஸ்வாதி. "அம்மா வந்திருக்குன்னு எல்லாரும் சொல்றீங்க. நான் கட்டிலுக்கு அடியில பாத்தேன். டப்பாவுக்குப் பின்னால பாத்தேன். எங்கயுமே இல்ல."

உடம்பு கொதித்தது. ராசாத்தி ஈரத்துணி போட்டு, மாத்திரையைக் கரைத்துக் கொடுத்து, அவளை மேலே சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். செல்வம் வந்து வாசலிலேயே நின்றான். நாளைக்கு நான் போகவில்லை என்றான். நீங்க போகலைன்னா வேலையே இல்லை, நான் ஏதாவது பண்றேன் என்றாள் அவள். என்ன பண்ணுவாள் என்று அவளுக்கும் தெரியாது.

மறுநாள் மோகன்குமாரே கண்ணாடிக் கதவருகே வந்தார். முகக்கவசம் போட்டிருந்தார். கேட் பெட்டியிலிருந்து அவளுடைய போனை எடுத்து வந்து உள்ளே நகர்த்தி வைத்தார். கதவிடுக்கு வழியாக, தாழ்ந்த குரலில், நான் சொன்னதாக யாரிடமும் சொல்லவேண்டாம் என்று ஆரம்பித்தார்.

"அந்தப் போன்ல ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. அம்மா போயிட்டாங்கன்னு. வந்தவங்க போயிட்டா, வீட்ல ஆள் இல்லைன்னு ஆயிடும். மதிய ஷிப்ட் திரும்பக் கெடைக்கும். பொய்யும் இல்ல, விசாரணையும் இல்ல."

அவருக்கு அது சின்ன வார்த்தை. ராசாத்தி போனைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தாள். பிள்ளை உடம்பில் முத்து இன்னும் முத்தாக நிற்கிறது. இறங்காதபோதே அம்மா போய்விட்டாள் என்று வாயால் சொன்னால் அது விரட்டுவதுதான். கோபித்துக்கொண்டால் யாரிடம் போய் முறையிடுவது? அதற்கு அக்கறை மேசை கிடையாது. டிவியில் பாட்டு ஆரம்பித்தது. பலூனுக்குப் பின்னாலிருந்து ஸ்வாதி எட்டிப் பார்த்தாள். தப்பா நெனச்சுக்காத தாயே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, மணிச் சத்தத்துக்குப் பிறகு ராசாத்தி சொன்னாள்.

"அம்மா போயிட்டாங்க."

அவசரம் என்று இயந்திரத்துக்கே பட்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்திலேயே அதே தேன் குரல், இந்த முறை சற்றுத் தழுதழுக்கப் பயிற்றுவிக்கப்பட்டு, பேசியது. தங்கள் அன்புத் தாயாரின் மறைவுச் செய்தி அறிந்து கம்பெனி ஆழ்ந்த துயரம் அடைகிறது. ஈடு செய்ய முடியாத இந்த இழப்பில் தாங்கள் தனியாக இல்லை. நிரந்தர ஊழியர் என்பதால் தங்களுக்குத் துக்க விடுப்பு இந்தக் கணம் முதல் வழங்கப்படுகிறது. முழு வருகைக் கணக்கில் இது சேராது.

ராசாத்தி போனைக் கையில் வைத்தபடியே நின்றாள். அம்மா செத்த அன்றைக்கு அவள் அழுதிருக்கவில்லை. ஊர் போய்ச் சேர்ந்து, எல்லோருக்கும் சோறு பரிமாறி, மறுநாள் ஷிப்டுக்குத் திரும்பியிருந்தாள். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கண்ணாடிக்கு வெளியே மோகன்குமார் கைகட்டி, தலைகுனிந்து நின்றார். துக்கத்தில் இருக்கும் ஊழியர் முன் அப்படித்தான் நிற்க வேண்டும்.

பிறகு அவள் வீட்டுக்கு ஓடினாள்.

ஆனால் நிரந்தர ஊழியரின் தாயார் இறந்தால் விடுப்போடு நிற்பதில்லை. மலர்வளையம் உண்டு. அடுத்த நாள் காலை கம்பெனி ஜீப் ஊருக்குள் வந்தது. தெருமுனைக் கடையில் நிறுத்தி டிரைவர், ராசாத்தி வீடு எது, சாவு விழுந்த வீடு, என்று விசாரித்தான். கடைக்காரன் வழி காட்டினான். ஜீப்பின் பின்னால் ரோஜாவும் சாமந்தியும் வைத்துக் கட்டிய பெரிய வளையம் எல்லோருக்கும் தெரிந்தது.

அந்த வீட்டில் அம்மை கண்ட பிள்ளை இருக்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

ஜீப் லைன் வீட்டுக்குள் திரும்புவதற்கு முன்பே அழுகைச் சத்தம் கிளம்பிவிட்டது. அத்தனை நாளும் கதவைச் சாத்திக்கொண்டிருந்தவர்கள் வந்தார்கள். தங்கள் பிள்ளைகளை விளையாடப் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தவர்கள் வந்தார்கள். பக்கத்து அறை முனிலட்சுமி தலைமுடியைக்கூட முடியாமல், நான் ஒரு வாய் தண்ணி கொண்டாந்து குடுக்கலையே கண்ணு, என்று மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். வாசலில் வேப்பிலையை விலக்கிக்கொண்டு உள்ளே பார்த்தார்கள்.

ராசாத்தியின் மடியில் உட்கார்ந்து ஸ்வாதி இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

முனிலட்சுமியின் கை மாரிலேயே நின்றது. இவ்வளவு பேரை ஒன்றாகப் பார்த்ததும் ஸ்வாதிக்கு வெட்கம் வந்து தாயின் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஒருத்தி, வந்தது வந்தோம், என்று மெதுவாகச் சொல்லி உள்ளே வந்து பிள்ளையின் காலைத் தொட்டுவிட்டு, உடனே போய்க் கையைக் கழுவினாள்.

மோகன்குமார் வளையத்தோடு வாசலுக்கு வந்தார். வேப்பிலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, வளையத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

ஜோதியம்மாள் மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்தார். "யாருய்யா நீ? அம்மா இருக்கற வூட்டுக்கு சாவுப் பூவ எடுத்தாந்திருக்க. உன் கம்பெனியில பெரியவங்க யாருமே இல்லையா?"

"இருக்காங்கம்மா. அவங்கதான் அனுப்புனாங்க" என்றார் மோகன்குமார். அவர் சொன்னதிலேயே முழு உண்மை அதுதான். பிறகு ராசாத்தியிடம் திரும்பி, வளையத்தைத் தன் கையால் கொடுப்பதுபோல் ஒரு போட்டோ போகவேண்டும் என்றும், போகாவிட்டால் விடுப்பு தானாக ரத்தாகிவிடும் என்றும் தெரிவித்தார். "பாப்பா மட்டும் படத்துல வர வேணாம்மா. துக்கத்துக்குப் பொருத்தமா இருக்காது."

எல்லோரும் ராசாத்தியைப் பார்த்தார்கள். அவள் பிள்ளையை மடியிலிருந்து இறக்கி, வாசலை விட்டு வெளியே வந்து, நடுத்தெருவில் நின்றாள். வளையத்தை வாங்கினாள். டிரைவர் போட்டோ எடுத்தான். வளையத்தின் நடுவில் வெள்ளைத் துணியில், ராசாத்தி அவர்களின் தாயார் என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை. "எங்கம்மா பேரு செல்லி" என்றாள் ராசாத்தி. டிரைவர் தலையாட்டினான். மோகன்குமார் இன்னொரு படம் எடுக்கச் சொன்னார், முதலில் எடுத்ததில் வேப்பிலை தெரிந்துவிட்டது.

ஜீப் போன பிறகு ஜோதியம்மாள் வளையத்தைத் தொடாமல், ஒரு கொம்பால் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைமேட்டில் போட்டார். ராசாத்தி தடுக்கவில்லை. அதில் ஒரு ரோஜாவை மட்டும் முன்பே பிய்த்து எடுத்திருந்தாள்.

விடுப்பு இருந்த வரை அவள் பிள்ளையை விட்டு நகரவில்லை. விசிறினாள். வேப்பிலைக் கொத்தால் முதுகை வருடிக் கொடுத்தாள். பகலில் இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்து, சுவரில் விழுகிற வெயில் கதவிலிருந்து அடுப்படி வரைக்கும் நகர்வதைப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அல்லாத நாளில் பகல் முழுக்க அம்மா வீட்டில் இருந்து ஸ்வாதி பார்த்ததில்லை. தூங்கி எழுந்ததும் முதலில் கையால் தொட்டுப் பார்ப்பாள். காய்ச்சல் விட்டது. கொப்புளங்கள் வாடி, கருத்து, உதிர ஆரம்பித்தன.

அம்மா இறங்கிவிட்டாள், தலைக்குத் தண்ணீர் ஊற்றி அனுப்பி வைத்துவிடலாம் என்று ஜோதியம்மாள் சொன்னபோது விடுப்பும் முடிந்திருந்தது. மறுநாள் காலை ஷிப்ட். போட்டோவில் தாயார் இறந்தது உறுதியானதால் மதிய ஷிப்டுக்கு மறுபடி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்று தகவல் வந்திருந்தது.

வாசலில் வெயிலில் வைத்த அண்டாவில் மஞ்சளும் வேப்பிலையும் மிதந்தன. இப்போது எல்லாப் பெண்களும் சுற்றி நின்றார்கள். ஸ்வாதியைப் பலகையில் உட்கார வைத்தார்கள்.

"தண்ணி ஊத்துனா அம்மா போயிருமா?" என்று கேட்டாள் ஸ்வாதி.

"போயிடும் கண்ணு. சந்தோசமாப் போவா" என்றார் ஜோதியம்மாள்.

ஸ்வாதி கொஞ்சம் யோசித்தாள்.

"வேணாம். ஊத்தாதீங்க. அம்மா இன்னும் கொஞ்ச நாளு இருக்கட்டும். நான் சொறிய மாட்டேன்."

ஜோதியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ வீட்டில் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன், அம்மாவைப் போகாதே என்று சொன்ன பிள்ளையைப் பார்த்ததில்லை, இது அவள் அருள்தான் என்று சொல்லி, குழந்தையைப் பார்த்துக் கும்பிட்டார். சுற்றி நின்ற பெண்களும் கும்பிட்டார்கள்.

பிள்ளையின் கை ராசாத்தியின் நைட்டியை இறுகப் பிடித்திருந்தது. ராசாத்தி குனிந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். செம்பில் தண்ணீரை மொண்டு அவள் தலையில் ஊற்றினாள்.